அண்ணையின் பெயரில் ஓர் ஆகாயப் பயணம்

இரணைமடுக் குளக்கட்டில் வரிசையாக நின்று ஒரு விமானத்துக்குக் கை காட்டிய பிள்ளைகளில் எத்தனை பேர் இன்று மிச்சமிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. மிச்சமிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அன்றைக்கு நீங்கள் எல்லாரும் கை காட்டினீர்கள். நான் காட்டவில்லை. பெரிய வாத்தியார் பின்னால் வந்து என் தோளில் தட்டி, "கையைத் தூக்கு பிள்ளை, அண்ணை பாப்பான்" என்றார். அப்போதும் நான் தூக்கவில்லை. ஏன் என்று உங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

ஐம்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. எனக்கு முழங்கால் வலியும் மூக்குக்கண்ணாடியும் வந்துவிட்டன. அந்தக் கோபம் எப்போதோ தணிந்துபோயிருக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். போன ஆடி மாதம், ஒரு சின்ன விமானத்துக்குள் இருந்தபோது, அது தணியவே இல்லை என்று கண்டுகொண்டேன்.

முதலில் பழைய கதையைச் சொல்கிறேன். உங்களுக்குப் பாதி தெரியும். மற்றப் பாதியைத்தான் உங்களிடம் மறைத்தோம்.

அந்த வருடம் வவுனியாவில் ஒரு விவசாயக் கண்காட்சி நடந்தது. அதற்காக ஒரு சின்ன விமானம் வந்து நிற்கப் போகிறது, குளத்தை நம்பி வாழும் ஊர்களின் பள்ளிக்கூடங்களிலிருந்து ஒவ்வொரு பிள்ளையைத் தெரிந்தெடுத்து அதில் ஏற்றி, இரணைமடு வரை கொண்டுவந்து சுற்றிக் காட்டப் போகிறார்கள் என்று பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் வந்தது. பெரிய வாத்தியார் கட்டுரைப் போட்டி வைத்தார். தலைப்பு 'எங்கள் குளம்'. முதலாவதாக வருகிற பிள்ளைக்கு விமானம்.

நான் ஆறாம் வகுப்பு, அண்ணை எட்டாம் வகுப்பு. எங்கள் பள்ளிக்கூடத்தில் எட்டுக்கு மேல் வகுப்பு இல்லை. ஓலைக் கூரைக்குக் கீழே எல்லாரும் ஒன்றாகத்தான் இருந்தோம். ஐந்தாம் வகுப்பு வாய்ப்பாடு சொல்லும் சத்தத்துக்குள்தான் நாங்கள் கட்டுரை எழுதினோம். நான் எழுதியதை வாத்தியார் எல்லாருக்கும் முன்னால் வாசித்தார். உங்களுக்கு நினைவிருக்க வேண்டும். குளத்து மதகில் துருசைத் திறக்கும்போது தண்ணீர் முதலில் மண் மணத்தோடு வரும், பிறகுதான் தண்ணீர் மணத்தோடு வரும் என்று எழுதியிருந்தேன். வாத்தியார் அந்த இடத்தில் நிறுத்திக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

நான்தான் முதலாவது. அடுத்த நாளே அம்மா அலுமாரியில் பத்திரமாக வைத்திருந்த நீலச் சீத்தைத் துணியை எடுத்து, பக்கத்துக் காணி மாமியின் தையல் மெசினில் எனக்கொரு சட்டை தைத்தார். கழுத்தைச் சுற்றி வெள்ளைக் கரை. அளவு பார்க்க என்னை நிறுத்தி வைத்து, குண்டூசியை உதட்டில் கவ்விக்கொண்டு அம்மா சிரித்தது எனக்கு நினைவிருக்கிறது. அம்மா சிரித்து நான் கண்ட நாட்கள் குறைவு.

மூன்றாம் நாள் பின்னேரம் பெரிய வாத்தியார் வந்து சைக்கிளை வேலியோடு சாத்தினார். அது மிளகாய் பிடுங்கும் காலம். முற்றம் முழுவதும் பாயில் மிளகாய் காய்ந்தது. வாத்தியார் தும்மிக்கொண்டே உள்ளே வந்தார். அப்பா கதிரையை இழுத்துப் போட்டார். நான் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"பிள்ளையின்ரை கட்டுரைதான் முதலாவது. அதிலை சந்தேகமில்லை," என்றார் வாத்தியார். "ஆனா நான் யோசிச்சுப் பாத்தன். முதல்நாளே வவுனியாவிலை போய்த் தங்க வேணும். முன்பின் தெரியாத ஆம்பிளையளோடை ஏறி இருக்க வேணும். பொம்பிளைப் பிள்ளை. நாளைக்கு ஏதும் எண்டால் நான்தானே பதில் சொல்ல வேணும்."

"அது சரி மாஸ்டர்."

"மூத்தவன் ஒருத்தன் இருக்கிறான்தானே. அவனை அனுப்புவம். ஒரே வீட்டுப் பிள்ளையள். ஆருக்கும் நட்டமில்லை."

"அதுவும் சரி மாஸ்டர்."

இவ்வளவுதான் கதை. தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. அப்பா கெட்டவர் அல்ல. யாழ்ப்பாணத்திலிருந்து, குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து வந்து, காடு வெட்டி, மலேரியாவில் கிடந்து எழும்பி எங்களை வளர்த்தவர். வாத்தியாரும் கெட்டவர் அல்ல. இருவருமே நல்ல மனிதர்கள் என்பதால்தான் இத்தனை வருடம் நான் வாயைத் திறக்கவில்லை. கெட்டவர்கள் என்றால் எப்போதோ சொல்லியிருப்பேன்.

வாத்தியார் போனபின் அம்மாவிடம் போனேன்.

"அம்மா, எழுதினது நான்."

"ஓம் பிள்ளை. எனக்குத் தெரியும்."

"அப்ப அப்பாட்டைச் சொல்லுங்கோவன்."

அம்மா குனிந்து அடுப்பை ஊதினார். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

விமானம் வந்த நாளை நீங்களும் கண்டீர்கள். காலையிலேயே எங்களைக் குளக்கட்டுக்கு நடத்திக்கொண்டு போனார்கள். எனக்கு அந்த நீலச் சட்டையைப் போட்டுவிடப் பார்த்தார் அம்மா. நான் பள்ளிக்கூடச் சட்டையிலேயே போனேன். முதலில் சத்தம் மட்டும் வந்தது, தூரத்தில் உழவு மெசின் ஓடுவதுபோல. பிறகு காட்டுக்கு மேலால் அது தெரிந்தது. வெள்ளை உடம்பு, சிவப்புக் கோடு. குளத்துக்கு மேலால் ஒருமுறை சாய்ந்து வட்டமடித்தது. நீங்கள் எல்லாரும் கத்தினீர்கள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, அதன் நிழல் தண்ணீரில் ஓடி, குளக்கட்டில் ஏறி, எங்கள் மேலால் போய் வயலில் இறங்குவதைப் பார்த்தேன். நிழல் என்மேல் பட்ட அந்தக் கணம் குளிர்ந்தது என்று நினைத்தேன். அப்படிக் குளிர்ந்திருக்க முடியாது.

அடுத்த நாள் பின்னேரம் அண்ணை வந்து சேர்ந்தார். ஊரே எங்கள் முற்றத்தில் நின்றது. "நல்லாய் இருந்தது, எல்லாம் வடிவாய்த் தெரிஞ்சது" என்று எல்லாருக்கும் சொன்னார். நான் கிணற்றடியில் அவர் போட்டுப்போன சேட்டைத் தோய்க்கும்போது அதில் வாந்தி புளித்து மணத்தது. சற்று நேரத்தில் அண்ணை அங்கே வந்து துலாவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, ஒருத்தருக்கும் சொல்லாதை."

"என்னத்தை?"

"நான் கண்ணைத் திறக்கேல்லை. ஏறினதிலையிருந்து முழங்காலுக்கை தலையை வைச்சுக்கொண்டு சத்தி எடுத்தனான். இறங்கின பிறகுதான் கண் திறந்தனான்."

"குளத்தையும் பாக்கேல்லையோ?"

"ஒண்டும் பாக்கேல்லை."

அவர் அழுதார். பதின்மூன்று வயது. எனக்கும் அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். அந்தச் சத்தியத்தை ஐம்பது வருடத்துக்கும் மேல் காப்பாற்றியவள் நான்.

கதை அதோடு முடிந்திருந்தால் இன்று இதை எழுதியிருக்க மாட்டேன். அந்தக் கிழமையே வாத்தியார் சொல்லியனுப்பினார், விமானத்தில் போன பிள்ளைகள் எல்லாரும் கண்டதைக் கட்டுரையாக எழுதிக் கொடுக்க வேண்டும், பள்ளிக்கூடங்களை மேற்பார்வை செய்யும் வித்தியாதிகாரி நேரில் வந்து பார்ப்பார் என்று. அண்ணை இரண்டு நாள் வெற்றுத் தாளை வைத்துக்கொண்டு இருந்தார். மூன்றாம் நாள் அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, நீ ஒருக்கா எழுதிக் குடு. அவன் பாத்து எழுதட்டும். உனக்கு உது லேசுதானே."

"நான் போகேல்லையே அப்பா."

"அண்ணையைக் கேட்டு எழுது."

அண்ணை நிலத்தைப் பார்த்தார். நான் சத்தியத்தை நினைத்துக்கொண்டு கொப்பியை எடுத்தேன்.

என்னிடம் என்ன இருந்தது? நீர்ப்பாசனக் கந்தோர்ச் சுவரில் தொங்கிய வாய்க்கால் வரைபடத்தை, அப்பாவோடு போகும்போதெல்லாம் பார்த்து வைத்திருந்தேன். வயலில் ஓடிய அந்த நிழல் இருந்தது. குளத்தில் இறங்கும் கூழைக்கடாக்கள் இருந்தன. அவற்றின் வயிறு மட்டும்தான் எனக்குத் தெரியும். மேலே இருந்து பார்த்தால் முதுகு தெரியும் அல்லவா என்று யோசித்தேன். 'பறவையின் முதுகை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்டேன்' என்று எழுதினேன். 'எங்கள் முற்றத்தில் அம்மா காயப்போட்ட மிளகாய், நெற்றிப் பொட்டளவு சிவப்பாகத் தெரிந்தது' என்று எழுதினேன். மூன்று பின்னேரம், சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதுகூடக் கேட்காமல் எழுதினேன். எழுதும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை நினைக்கும்போதுதான் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் கூடுகிறது. என்னுடையதைப் பறித்த கையில், அதற்கு மேலும் கொஞ்சம் வைத்து நானே கொடுத்தேன். சந்தோஷமாகக் கொடுத்தேன்.

அண்ணை அதைத் தன் கையெழுத்தில் பார்த்து எழுதினார். எழுத்துப் பிழைகளை நான்தான் திருத்தினேன். வித்தியாதிகாரி வந்து நின்று முழுதாக வாசித்தார். "இந்தப் பிள்ளை இந்தப் பள்ளிக்கூடத்தோடை நிக்கக் கூடாது" என்றார். நீங்கள் எல்லாரும் கை தட்டினீர்கள். அந்த வருட முடிவில் அண்ணைக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் விடுதியோடு இடம் கிடைத்தது. புதுத் தகரப் பெட்டியோடு லொறியில் ஏறிப் போனார்.

நான் எட்டாம் வகுப்பு முடித்தபோது அப்பா, "ரெண்டு பேரை வெளியிலை விட்டுப் படிப்பிக்க என்னாலை ஏலாது பிள்ளை" என்றார். உண்மைதான். அவரால் இயலாது. நான் மிளகாய்க் கன்றுகளுக்குத் தண்ணீர் கட்டப் போனேன். போடாமலே கிடந்த நீலச் சட்டையை அடுத்த பொங்கலுக்குப் போடச் சொன்னார் அம்மா. அதற்குள் அது கையில் இறுகிவிட்டது. பக்கத்துக் காணி மாமியின் மகளுக்குக் கொடுத்தோம்.

பிறகு யுத்த காலத்தில் எங்கள் தலைக்கு மேலால் வந்த விமானங்களைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நீங்களும் பங்கருக்குள் கிடந்தவர்கள்தான். நான் எழுதிய முதல் பிரதி இருந்த கொப்பி, கல்யாணப் படங்கள், காணி உறுதி எல்லாம் ஒரு பெட்டியில் இருந்தன. கண்டாவளைப் பக்கம் எங்கோ அந்தப் பெட்டியை விட்டுவிட்டு ஓடினோம். அண்ணை அதற்கு முன்பே கனடா போய்விட்டார். அங்கிருந்து எங்களுக்குச் செய்ய வேண்டியதெல்லாம் செய்தார். அதையும் சொல்ல வேண்டும். என் வீட்டின் கூரை அவர் போட்டுத் தந்தது.

போன ஆடியில் அவர் தன் மகளோடு வந்தார். எனக்கு மருமகள் முறையான அவளுக்கு முப்பது வயதுக்கு மேல். இலங்கைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. "தங்கச்சி, உன்னை ஒரு இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போறன், வெளிக்கிடு" என்று என்னைக் கொழும்புக்குக் கூட்டிப்போனார். நகரத்துக்கு வெளியே ஒரு சின்ன விமானத் திடல். நாலு பேர் ஏறும் விமானம். கரையோரமாக வடக்கே போய், வன்னியைச் சுற்றிவிட்டுத் திரும்புமாம். "நீ ஒருக்காவும் பறந்ததில்லை எல்லே," என்றார். அவர் முகத்தில் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை. அவர் எல்லாவற்றையும் மறந்துவிட்டார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அண்ணை விமானிக்குப் பக்கத்தில் இருந்தார். மருமகளும் நானும் பின்னால். சத்தத்தில் கதை கேட்காது என்று எல்லாருக்கும் ஹெட்செட் மாட்டிவிட்டார்கள். விமானம் நிலத்தை விட்டு எழும்பியது. நான் கண்ணை மூடவில்லை. வேண்டுமென்றே மூடவில்லை.

தென்னை மரங்களின் தலைகள், மீன்வலைபோல விரிந்த கூரைகள், பிறகு கடல். கரைக்குப் பக்கத்தில் கடல் பச்சை, அப்பால் கறுப்பு நீலம், இரண்டுக்கும் நடுவில் அலை ஒரு வெள்ளை நூல். அலை அசையவே இல்லை. அந்த உயரத்திலிருந்து பார்த்தால் எதுவும் அவசரப்படுவதில்லை. உப்பளங்கள் கண்ணாடித் துண்டுகளாகப் போயின. பிறகு காடு வந்தது, காட்டுக்குள் குளங்கள். இத்தனை குளங்கள் எங்களுக்குள் இருப்பது எனக்குத் தெரியாது. சில வற்றி, வெறும் வெள்ளைத் தழும்புகளாகக் கிடந்தன.

இரணைமடு வந்தது. நான் முன்னே சாய்ந்தேன். அது நீலமாக இல்லை. நடுவில் பால் விட்ட தேத்தண்ணியின் நிறம். கரையில் வெடித்த சேறு, அதைச் சுற்றிப் புல். நாங்கள் நின்ற குளக்கட்டு ஒரு நகக்கீறல் அளவுதான். அங்கே நின்று கை காட்டினால் ஒருவருக்கும் தெரியாது. முற்றத்து மிளகாய் தெரியவே தெரியாது. முற்றமே தெரியவில்லை. நான் எழுதியதில் ஒன்றுகூடச் சரியில்லை. ஏறியிருந்தால், பார்த்திருந்தால், அதைவிட எவ்வளவோ நன்றாக எழுதியிருப்பேன். அந்த வெள்ளைத் தழும்புகளை எழுதியிருப்பேன். அசையாத அலையை எழுதியிருப்பேன்.

அப்போது காதுக்குள் அண்ணையின் குரல் கேட்டது. மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நான் முதன்முதல் பறந்தது இந்தக் குளத்துக்கு மேலைதான். பதின்மூண்டு வயசு. கூழைக்கடாவள் எங்களுக்குக் கீழை பறந்ததுகள். பறவையின்ரை முதுகை நான் அண்டைக்குத்தான் முதன்முதல் கண்டனான்."

"தெரியும் அப்பா," என்று மருமகள் சிரித்தாள். "மாமி, இது எங்களுக்குப் பாடம். சின்னனிலையிருந்து சொல்லுறவர்."

"அப்பம்மா காயப்போட்ட மிளகாய் கூடத் தெரிஞ்சது, பொட்டு மாதிரி."

"அது நான் எழுதினது," என்றேன்.

"என்ன தங்கச்சி?"

"பறவையின்ரை முதுகு, மிளகாய், எல்லாம் நான் எழுதினது. நீ கண்ணைத் திறக்கேல்லை. முழங்காலுக்கை தலையை வைச்சுக்கொண்டு சத்தி எடுத்தனீ. அந்த இருக்கையும் என்ரை."

அண்ணையை நான் அதுவரை ஒருமுறைகூட நீ என்று சொன்னதில்லை. அவர் திரும்பிப் பார்க்க முயன்றார், இருக்கைப் பட்டி விடவில்லை. விமானி சிங்களப் பெடியன், அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கையை நீட்டி முல்லைத்தீவுக் கடலைக் காட்டினான். ஒருவரும் பார்க்கவில்லை. 

இறங்கியபின் திடலின் ஓரத்தில் இருந்த தேத்தண்ணிக் கடையில் இருந்தோம். அண்ணை கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"தங்கச்சி, நான் பொய் சொல்லேல்லை. உண்மையிலேயே கண்டனான் எண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டிருந்தன். இப்ப நீ சொன்ன பிறகுதான் அந்தச் சத்தி மணம் ஞாபகம் வருது."

"அப்ப அதுவும் போச்சு."

"எது?"

"நான் யோசிச்சுக் கண்டது. அதையும் நீங்கள் கண்டதாய் ஆக்கிப்போட்டியள்."

"நானும் சின்னப் பிள்ளைதானே. அந்த இடத்தை நானோ கேட்டனான்? பெரியாக்கள் செய்தது."

"ஓம். அண்டைக்கு உங்களுக்குப் பதின்மூண்டு வயசு. பிறகு இருபது வந்தது, முப்பது வந்தது, அறுபதும் வந்தது. ஒரு நாள் சொல்லியிருக்கலாம். யாழ்ப்பாணத்திலையிருந்து லீவுக்கு வந்த நேரம், நான் மிளகாய்க்குத் தண்ணி கட்டிக்கொண்டு நிண்டனான். வரம்பிலை நிண்டு பாத்தனீங்கள். அப்ப சொல்லியிருக்கலாம்."

அவர் அழத் தொடங்கினார். கிணற்றடியில் அழுதபோது எனக்கு வந்த பாவம் இந்தமுறை வரவில்லை. வரும் என்று காத்திருந்தேன். மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் உங்களுக்கு வாசிக்க நன்றாக இருக்கும். நான் மன்னிக்கவில்லை. அவர் போட்டுத் தந்த கூரைக்குக் கீழேதான் படுக்கிறேன், அவர் டெலிபோன் எடுத்தால் கதைக்கிறேன். மன்னிக்கவில்லை.

மருமகள் இவ்வளவு நேரமும் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் கதிரையை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

"மாமி, அப்ப நீங்கள் என்னவாய் வர விரும்பினனீங்கள்?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன். வாத்தியார், அப்பா, அம்மா, கட்டிய மனிசன், பெற்ற பிள்ளைகள், ஒருவரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. நானும் என்னைக் கேட்டதில்லை. எவ்வளவு யோசித்தும் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

"தெரியாது பிள்ளை," என்றேன். "அதை யோசிக்கிற வயசிலை என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லை."